வெல்லாவெளி வயல் வீதியில் விடமாட்டேன் என்ற கைப்பிரேக்

மட்டக்களப்புப் பக்கம் சொந்த வாகனத்தில் போக யோசிக்கிறவர்கள் இதை ஒருதரம் வாசித்துவிட்டுப் புறப்படுங்கள். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நான் பயந்த பயம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்து இரண்டு கிழமை இருக்கும். நாங்கள் பழைய ஜப்பான் ஜீப் ஒன்று வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வெல்லாவெளியில் இருக்கும் என் கணவர் கேதீஸின் அக்கா, எனக்கு மச்சாள், வாகனத்தை ஊர்ப் பிள்ளையாரிடம் கொண்டுவந்து காட்டவில்லையே என்று போனில் ஒரே பாடாய்ப் படுத்தினார். கேதீஸோ அதற்கிடையில் பட்மின்டன் விளையாடப் போய் வலது காலை முறித்துக்கொண்டு, தொடையிலிருந்து பாதம்வரை பிளாஸ்டர் கட்டோடு கிடந்தார். ஆகவே சாரதி நான். அவர் பின் சீற்றில் காலை நீளமாக நீட்டியபடி, வழி முழுக்க எனக்கு வாகனம் ஓட்டப் படிப்பித்துக்கொண்டு வந்தார்.

வெள்ளவத்தையில் விடியற்காலை நான்கு மணிக்கு எடுத்தோம். ஹபரணை, பொலன்னறுவை வழியாக மட்டக்களப்பு ஏறக்குறைய 315 கிலோமீற்றர். அன்றிரவு புளியந்தீவில் தங்கினோம். கீழ்மாடியில் அறை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அடுத்த நாள் காலை களுவாஞ்சிக்குடி போய், பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து வெல்லாவெளிக்குப் போய்ச் சேர்ந்தோம். நகரிலிருந்து நாற்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். வீதி நல்ல வீதி.

பூசை என்றால் பூசை, அப்படியொரு பூசை. தேங்காய் உடைத்து, சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்ததோடு முடியும் என்று நினைத்தேன். மச்சாள் விடவில்லை. மஞ்சள் தண்ணீரை மாவிலையால் உள்ளே எல்லா இடமும் தெளித்தார். பிறகு சந்தனத்தைக் குழைத்து, ஸ்டீயரிங்கில் தொடங்கி, கண்ணில் பட்ட பொத்தான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். நல்ல தாராளமான கை. எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் சாமி காரியத்தில் வாய் வைக்கப் போய் யார் பேச்சு வாங்குவது?

பின்னேரம் திரும்பும்போதுதான் கேதீஸுக்கு ஆசை வந்தது. வந்த வழியால் போகாமல் வயல்களுக்குள்ளால் மண்டூர் போய், அங்கிருந்து பாதையில் வாவியைக் கடக்கலாமாம். வாகனங்களை ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் மிதவையைத்தான் இங்கே பாதை என்கிறார்கள். பொழுதுபட முன்னம் வயல் பக்கம் விட்டு வெளியே போய்விடுங்கள், ஆனை வரும் என்று மச்சாள் சொல்லித்தான் அனுப்பினார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம். இரண்டு பக்கமும் அறுவடைக்கு நின்ற வயல்வட்டை, கண்ணுக்கெட்டிய மட்டும் மஞ்சள். ஓரமாக நிறுத்தச் சொன்னார் கேதீஸ், படம் எடுக்க. நிறுத்தினேன். எஞ்சினையும் நிறுத்தினேன். மணி ஐந்தேகால்.

இந்த வகை வாகனத்தில் இழுக்கிற கைப்பிரேக் கிடையாது. ஒரு பொத்தான்தான். எஞ்சினை நிறுத்தினால் அது தானாகவே பின் சில்லுகளை இறுக்கிக்கொள்ளும். மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பொத்தானை அழுத்தினால் விடும். பூசை முடிந்து புறப்படும்போது விட்டது, இப்போது விடவில்லை. சிவப்பு விளக்கு மினுங்கியது, பிரேக்கில் பிழை என்று திரையில் எழுத்து வந்தது. அழுத்தினேன், இழுத்தேன், நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் பண்ணினேன். கியரைப் போட்டு மிதித்தால் வாகனம் முக்கியதே தவிர அரை அடி நகரவில்லை. பின்னாலிருந்து கேதீஸ் ஒன்பது யோசனை சொன்னார். பத்தாவது வந்தால் இறங்கிப் போய்விடுவேன் என்றேன்.

காத்தான்குடியில் வாகனம் திருத்தும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நானா என்றுதான் கூப்பிடுவோம், கேதீஸின் கூட்டாளி. அவருக்குப் போன் எடுத்தோம். அவர் முதலில் கேட்டதே, பொத்தானில் தண்ணீர் கிண்ணீர் ஊற்றினீர்களா என்றுதான். குனிந்து பார்த்தேன். பொத்தானின் இடுக்கெல்லாம் சந்தனம் இறங்கி, மேலே காய்ந்துபோய் இருந்தது. நான் பார்த்ததைச் சொன்னேன். அப்படியென்றால் கழற்றித்தான் துடைக்க வேண்டும், விடிய வருகிறேன், பின் சில்லு பூட்டியிருக்கும்போது கட்டி இழுக்க விடாதீர்கள் என்றார். தலைமயிர்க் கிளிப்பால் கிண்டிப் பார்த்தேன். அந்த அரை மணித்தியாலமும் வீண். மச்சாளுக்கும் எடுத்தோம், அறுவடை நேரத்தில் அவருக்கும் வாகனம் ஒன்றும் அகப்படவில்லை.

வெயில் தாழ்ந்துகொண்டு வந்தது. காலை மடிக்க முடியாத மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஆனை வந்தால் நான் ஓடலாம். அவர் கதவைத் திறந்து இறங்கவே என் தோள் வேண்டும். கேதீஸும் பகிடியை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயம்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம், தோளில் ஒரு உரப்பை. தங்கராசா என்று பேர். தன் வயலுக்குக் காவலுக்குப் போகிறாராம், இன்னும் அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரத்தில் காவல் பரண். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, காட்டுக்கரைப் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"ஒராள ஏத்தலாம் புள்ள. இவர ஏத்த ஏலா, கால் மடங்காதே."

கேதீஸ் உடனே, "நீ போ" என்றார்.

"பேசாம இருங்க" என்றேன்.  

தங்கராசா அண்ணன் மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சாவியை எடுத்தார். தன் மச்சினனுக்குப் போன் போட்டு உழவு மெசினை, அதாவது ட்ரக்டரை, பின்னால் இழுக்கிற பெட்டியோடு கொண்டுவரச் சொன்னார். அறுவடைக் காலம், மெசின் எல்லாம் வயலுக்குள். வர ஒரு மணித்தியாலம் ஆகும். விளக்கை நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், என்ன நடந்தாலும் கதவைத் திறக்காதீர்கள் என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு, வீதியோரத்தில் வைக்கோலைக் கூட்டி நெருப்பு வைத்தார்.

இருட்டுப்படும் நேரம் அவருடைய போன் அடித்தது. கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்ததால் எனக்கும் கேட்டது.

"வாறன், வாறன். வெடி எங்கிட்டத்தான் கிடக்கு. மறுகா எடுக்கன்."

பிறகு எடுப்பதாகச் சொல்லி அவர் வைத்ததும், யார் என்று கேட்டேன். பரணில் நிற்கும் தன் கூட்டாளியாம். யானை விரட்டும் வெடி முழுக்க அவருடைய உரப்பைக்குள். நீங்கள் போங்கள் அண்ணன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் வீதியைக் குறுக்கறுத்துக்கொண்டு மூன்று உருவங்கள் போயின, நூறு மீற்றர்கூட இராது. அண்ணன் ஒரு வெடியைக் கொளுத்தி எறிந்தார். அவை நின்றன, திரும்பின, வயலுக்குள் இறங்கின. என் வாயிலிருந்து வந்ததெல்லாம், "அண்ணன், எங்கள விட்டிட்டுப் போயிராதீங்க" என்பதுதான்.

"இல்ல புள்ள, நிக்கன்" என்றார். போன் மறுபடியும் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

மெசின் வந்ததும், அண்ணனும் மச்சினனும் நானுமாகக் கேதீஸைத் தூக்கிப் பெட்டிக்குள் வைக்கோலில் கிடத்தினோம். அண்ணன் அதற்குப் பிறகுதான் பரணுக்குப் புறப்பட்டார். ஜீப்பை அப்படியே விட்டுவிட்டு மச்சாள் வீட்டுக்குப் போனோம். மச்சாள் அழுதார், நானும் அழுதேன்.

விடிய நானா வந்து பொத்தானைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, ஸ்கேனரைப் பொருத்திப் பிழையை அழித்தார். டக்கென்று பிரேக் விட்டது. அவரிடம் கேட்டறிந்ததைச் சொல்கிறேன். பொத்தான் பிரேக் உள்ள வாகனத்தில் பூசையை வெளியோடு முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே பொட்டு வைத்தே ஆகவேண்டும் என்றால் கண்ணாடிக்கு வையுங்கள். உங்கள் மொடலில் பிரேக்கைக் கையால் விடுவிக்க வழி இருக்கிறதா என்று வாங்கிய அன்றே கேட்டு வையுங்கள். ஆளில்லாத இடத்தில் எஞ்சினை நிறுத்தாதீர்கள். வெல்லாவெளி, மண்டூர் உள்வீதிகளில் பின்னேரம் நாலரைக்குப் பிறகு படம் எடுக்க இறங்கவே வேண்டாம்.

ஜீப்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதைச் சொல்லி நான் சந்தோஷப்பட்டபோதுதான் மச்சாள் மெதுவாகச் சொன்னார். இரவு ஆனை இறங்கியது தங்கராசாவின் வயலிலாம். நாளைக்கு அறுக்க மெசின் பேசி வைத்திருந்த வயல்.

போனோம். கேதீஸ் இறங்க முடியாமல் உள்ளேயே இருந்தார், நான் வரம்பில் போய் நின்றேன். உழுது போட்டது போலக் கிடந்த சேற்றுக்குள்ளிருந்து அண்ணன் கதிர்களைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். அவர்தான் நிமிர்ந்து ஜீப்பைப் பார்த்தார்.

"பிரேக்கு விட்டிட்டுதா புள்ள?"

"ஓம் அண்ணன்."

"அப்ப நல்லது" என்றார். மறுபடி குனிந்துகொண்டார்.