உபவாச ஜெபத்துக்குக் கோழிப் பெரட்டல்

உபவாசம் என்றால் சாப்பிடாமல் இருப்பது. நானும் ரொம்ப காலமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் உபவாச ஜெபம் நடந்தது. அதற்காக முதல் நாளே நான் சந்தைக்குப் போய்க் கோழி வாங்கினேன். சின்ன வெங்காயம் உரித்தேன். பக்கத்துத் தெருவில் பெரிய சட்டி இரவல் கேட்டேன். சில வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று விசாரித்த வாசகர்களுக்குப் பதில் இதுதான் — சமைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தேவராஜ் லோரி ஓட்டுநர். சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஈப்போவுக்குக் கல்லும் மணலும் ஏற்றி வருகிறவர். இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி உண்டு. மாத்திரையும் உண்டு. மாத்திரையை விழுங்கிவிட்டு இனிப்புப் பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் டீ குடிக்கும் பழக்கமும் உண்டு. செருப்பு கடித்து வலது காலில் ஒரு புண் வந்தது.

"சின்னதுதான் லா," என்றார்.

இனிப்புநீர்க்காரர்களுக்கு எல்லாமே சின்னதாகத்தான் ஆரம்பிக்கும். அவர் மஞ்சள் பூசினார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு இலையை அரைத்துக் கட்டினார். பெருவிரல் கறுத்த பிறகுதான் என் கத்தலுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரம்மா சின்ன வயதுப் பெண். புண்ணைச் சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, மருந்து கொடுத்தார்.

"திங்கட்கிழமை வாங்க. கறுப்பு மேலே ஏறாமல் இருந்தால் விரலோடு போகும். ஏறியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வரும்," என்றார்.

வலது கால். ஆக்சிலேட்டரை மிதிக்கிற கால்.

வீடு வந்து சேரும்வரை இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் வழியில் போகிற லோரிகளைப் பார்த்து, "இவன் ஓவர்லோடு... அவன் பிரேக் அடிக்கிற லட்சணத்தைப் பாரு," என்று திட்டிக்கொண்டு வருகிறவர். அன்று ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் குனோங் ராபாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். பார்த்துக்கொண்டிருக்கச் சௌகரியம்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். சபையின் வாட்ஸ்அப் குழுவில், 'என் வீட்டுக்காரர் காலுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி போட்டேன். கும்பிடும் கைகள் மழையாகக் கொட்டின. அது நல்ல மழை. அதன் பின்னால் ஆட்களும் வந்தார்கள்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்தானே? பாதி டாக்டர், பாதி பாஸ்டர். ஒருவர் பாகற்காய் ஜூஸ் என்றார். இன்னொருவர், காணிக்கை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையரான அருள் அண்ணன் காரணத்தையே கண்டுபிடித்துவிட்டார்.

"இது முன்னோர் சாபம் தம்பி. ஒங்கப்பா ஏதோ பண்ணியிருக்காரு. அது ஒங்க காலப் பிடிச்சிருக்கு."

இவர் கட்டுப் போட்ட காலைத் தூக்கிப் பார்த்தார்.

"எங்கப்பாவுக்கு நாங்க நாலு பசங்க அண்ணே. மத்த மூணு பேரும் பூப்பந்து ஆடிக்கிட்டு இருக்கானுங்க. சாபம் அட்ரஸ் பாத்தா வருது?"

அருள் அண்ணன் டீயைக் குடித்துவிட்டு, அதற்கும் ஜெபிக்கவேண்டும் என்றார்.

அன்று மாலையே ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன் வந்தது. எங்கள் வட்டார வீட்டு ஜெபக்குழுவுக்கு அவர்தான் தலைவி. மனசு தங்கம். வாய்தான் ஒலிபெருக்கி. எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

"ரோஸு, சனிக்கிழம ஒங்க வீட்ல உபவாச ஜெபம். காலைல ஆரம்பிச்சு மத்தியானம் முடிச்சிருவோம். ஆண்டவரு அந்தக் கால விட்டுக் குடுக்கமாட்டாரு."

"சரிக்கா. சந்தோஷம்."

"முடிச்சதும் உபவாசத்த முறிக்கணும்ல. ரொம்ப கிராண்டா ஒண்ணும் வேணாம். சும்மா சோறு, பருப்பு, கோழிப் பெரட்டல். ஒரு முப்பது பேரு வருவாங்க."

"அது போதுமாக்கா?"

"பாயாசம் வச்சா வையி. ஒன் இஷ்டம் லா."

இனிப்புநீருக்காக ஜெபிக்க வருகிறவர்களுக்குப் பாயாசம்... நான் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டேன். ஜவ்வரிசி, சேமியா, முந்திரி.

இது எங்கள் சபைகளில் எழுதாத சட்டம். உபவாசத்தன்று காலையில் டீ மட்டும்தான் குடித்துவிட்டு வருவார்கள். டீயோடு போகிற பிஸ்கட் கணக்கில் சேராது. மத்தியானம் உபவாசத்தை முறிக்கும்போது காலைப் பசியாறலும் சேர்ந்தே முறிபடும். ஆக, யார் வீட்டில் துன்பமோ அந்த வீட்டு அடுப்புதான் எரிய வேண்டும். நானும் எத்தனையோ துன்பப்பட்ட வீடுகளில் உட்கார்ந்து கண்ணீரோடு ஜெபித்து, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள்தான். குழம்பு யார் வைத்தது, எப்போது வைத்தது என்றெல்லாம் யார் யோசித்தார்கள்?

சனிக்கிழமை வந்தது. சபை வேன் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கியது. வாசலில் செருப்புக் குவியல். எல்லாரும் வெள்ளை உடுத்தி வந்திருந்தார்கள். முன்னறையில் இவரை நாற்காலியில் உட்காரவைத்து, காலை ஸ்டூலில் தூக்கிவைத்து, மேலே ஒரு போர்வை போர்த்தியிருந்தார்கள். மெதுவான ஒரு பாட்டாக எடுத்துப் பாட ஆரம்பித்தார்கள்.

நான் சமையலறையில்.

"ரோஸு, வாம்மா. ஒனக்காகத்தானே ஜெபிக்கிறோம்," என்று ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"வாரேன்க்கா. அடி பிடிக்குது."

அவர் சட்டியைப் பார்த்தார். மூச்சை இழுத்தார். "ஆமா ஆமா, பாத்துக்க," என்று போய்விட்டார். மசாலா வாசம் முன்னறைக்குப் போகப் போக ஆமென்கள் வேகமாவதை நான் காதால் கேட்டேன். பொய் சொல்லவில்லை.

என் புருஷன் காலுக்காக ஊரே ஜெபிக்கிறது. எனக்கு மட்டும் நேரமில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷம் வேதம் வாசித்தவளுக்கு அவ்வளவுதான் வந்தது. அடியைக் கிளறினேன். மறுபடி "ஆண்டவரே" என்றேன். பருப்பு பொங்கியது.

அப்போது பின்வாசல் கதவு திறந்தது. கமலா. பின்வீட்டுக்காரி. நெற்றியில் விபூதி, கையில் கைக்குட்டை, முகமெல்லாம் கண்ணீர்.

"அக்கா... எப்பக்கா?"

"எது எப்ப?"

"அண்ணே எப்பக்கா போனாரு? ஒரு வார்த்த சொல்லலயே. எத்தன மணிக்கு எடுக்குறாங்க?"

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. வெள்ளை உடுப்பு. செருப்புக் குவியல். இழுத்து இழுத்து ஒரு பாட்டு. தெருவிலிருந்து பார்க்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

"அண்ணே இருக்காரு கமலா. ஜெபம் பண்றோம்."

அவள் அழுகையை நிறுத்தினாள். சட்டியைப் பார்த்தாள்.

"அதானே... சாவு வீட்ல கோழி வாசம் வருதேன்னு நானும் யோசிச்சேன். சரி, ஒங்க ஆளுங்க வழக்கம் போலன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமையை நினைத்து அதுவரை நான் அழவே இல்லை. வெங்காயம் உரிக்கும்போது வந்த கண்ணீர்தான்.

கமலா என் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள்.

"அண்ணே எங்க?"

"முன்னால."

"அப்ப நீங்க ஏன்க்கா பின்னால நிக்கிறீங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் பின்வாசல் வழியாக வரவேண்டியிருந்தது. நான் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அருள் அண்ணன் முன்னோர்களின் பாவங்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, இனி அண்டாதபடி ஜெபத்தால் கட்டிக்கொண்டிருந்தார். இவர் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"வெந்துருச்சா?"

"கமலா பாத்துக்கிறா."

"அவ அழுத சத்தம் கேட்டுச்சே. யாரு செத்துட்டா?"

"நீங்கதான்."

இவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. போர்வை குலுங்கியது. ஸ்டூல் ஆடியது. சிரிப்பை அடக்க முயன்று முகமெல்லாம் தண்ணீர். ஸ்டெல்லா அக்கா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பரிசுத்த ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று முடிவு செய்து, "இன்னும், ஆண்டவரே, இன்னும்," என்று குரலை உயர்த்தினார். முப்பது பேரும் கூடவே உயர்த்தினார்கள்.

எல்லாரும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால்... ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக முகத்தில் சிரிப்பில்லாமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் சிரித்தார். அது ஆவியானவர் இல்லை என்று அடித்துச் சொல்ல நான் யார்?

அன்று நான் ஜெபித்தேன். காலைக் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "அந்தக் கால் வேணும் ஆண்டவரே," என்றேன்.

திங்கட்கிழமை டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். கறுப்பு ஏறியிருந்தது. அன்றே எடுக்கவேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்றார். இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"முட்டி இருக்குமா டாக்டர்?"

"இருக்கும்."

"சரி."

ஆபரேஷன் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது. மறைப்பானேன்? கேட்டது ஒரு கால்தான். மலையைப் பெயர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. 'கர்த்தர் அடைக்கலம்' என்று எங்கள் வீட்டுச் சுவரில் படம் மாட்டியிருக்கிறது. அடைக்கலம் என்றால் குடை என்று நினைத்திருந்தேன். என்மேல் மட்டும் நனையாது... அப்படி ஒரு குடை.

வெளியே ஈப்போவின் வழக்கமான சாயங்கால மழை. எதிர்க்கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையான அஞ்சடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒதுங்கி நின்றிருந்தார்கள். மழை அவர்களுக்காக நின்றுவிடவில்லை. சாரல் அடித்துக் கால்சட்டை நனைந்துதான் இருந்தது. ஆனாலும் நிற்க ஒரு இடம் இருந்தது. விழாமல் நிற்க. ஆண்டவர் எனக்குக் குடை பிடிக்கவில்லை. அஞ்சடியாக இருந்தார். எனக்குக் கிடைத்த இறையியல் அவ்வளவுதான். பெரிய படிப்புப் படித்தவர்கள் இதைவிட நன்றாகச் சொல்லக்கூடும். ஆனால் நான் அன்றைக்கு விழவில்லை. அது எனக்குத் தெரியும்.

கால் போய்விட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

காலுக்கு ஆபத்து என்றபோது கொட்டிய கைகள் ஒன்றையும் காணோம். பாவம், அதற்கேற்ற படம் போனில் இல்லை போலும். நல்லது நடந்தால் 'அல்லேலூயா' என்று போடலாம். நடக்குமா நடக்காதா என்றால் கும்பிடும் கை போடலாம். கேட்டது கிடைக்கவில்லை என்றால்? நம்மிடம் சாட்சி சொல்ல மேடை இருக்கிறது, மைக் இருக்கிறது. எல்லாம் ஜெயித்தவர்களுக்குத்தான். கால் போன பிறகும் ஆண்டவர் இருக்கிறார் என்று சொல்ல வருகிறவருக்கு நாம் எந்த ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியிருக்கிறோம்?

ரொம்ப நேரம் கழித்து அருள் அண்ணனிடமிருந்து ஒரு பூங்கொத்துப் படம் வந்தது. 'காலை வணக்கம்' என்று எழுதியிருந்தது. அப்போது ராத்திரி.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் ஸ்டெல்லா அக்கா வார்டுக்கு வந்தார். தனியாக. கையில் வேதம் இருந்தது, திறக்கவில்லை. போர்வையைப் பார்த்தார். ஒரு பக்கம் மேடாக இருந்தது. இன்னொரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டது.

"என்ன சொல்றதுன்னே தெரியல ரோஸு," என்றார்.

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு காரணமும் சொல்லவில்லை. சாபம் என்றும் சொல்லவில்லை, ஆண்டவர் சித்தம் என்றும் சொல்லவில்லை. நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். வார்டு முழுக்க மருந்து வாசம்.

இவர்தான் பேசினார்.

"ரோஸு... அரிக்குது."

"எங்கங்க?"

"வலது கால்ல. பாதத்துல."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். கால் எடுத்தவர்களுக்குக் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், நரம்புக்கு இன்னும் தெரியாது என்று நர்ஸ் காலையிலேயே சொல்லியிருந்தார். ஆனால் அரிக்கிறது என்கிறவருக்கு நரம்புப் பாடமா நடத்துவது?

இவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "தாங்கல லா," என்றார்.

ஸ்டெல்லா அக்கா வேதத்தை என் மடியில் வைத்தார். குனிந்தார். கால் இருக்கவேண்டிய இடத்தில், வெறும் படுக்கை விரிப்பை, நகத்தால் மெதுவாகச் சொறிய ஆரம்பித்தார். முகத்தில் சிரிப்பில்லை. உண்மையான பாதத்தைச் சொறிகிறவர் மாதிரியே கவனமாகச் சொறிந்தார்.

இவர் கண்ணை மூடினார்.

"கொஞ்சம் கீழக்கா... சுண்டு விரல்கிட்ட."

அக்கா கையை நகர்த்தினார்.

நான் ஆமென் சொன்னேன்.