பத்தாயிரத்து ஒன்பதாவது விளக்கு

ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளை பேலட் என்ற மரத்தட்டில் எப்படி அடுக்குவது என்று திட்டம் போடுவது என் வேலை. அதனால் எங்கள் தோட்டத்துக் கோயிலில் கார்த்திகைக்குப் பத்தாயிரத்து எட்டு விளக்கு ஏற்றுவதென்று முடிவானதும், திடலில் விளக்கு வரிசைகளுக்குக் கயிறு கட்டும் பொறுப்பைக் கோயில் தலைவர் என் தலையில் கட்டிவிட்டார். நூற்றெட்டு, ஆயிரத்தெட்டு என்று எட்டில் முடிந்தால்தான் எங்களுக்கு மனம் நிறையும். பெயர் கொடுத்த குடும்பங்கள் நூற்று முப்பத்தொன்பது. வகுத்துப் பார்த்தேன். வீட்டுக்கு எழுபத்திரண்டு, மீதியே இல்லை. இப்படி ஒட்டிக்கொண்டு வரும் கணக்கு லேசில் அமையாது. வீட்டுக்கு ஒரு வரிசை என்று கயிறு கட்டிவிட்டு இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

கார்த்திகை அன்று மாலை அக்கா, பத்தாங் பெர்ஜுந்தாய் டவுன் கடையில் வாங்கிய ஒரே ஓர் அகல் விளக்கோடு வந்து நின்றாள். விவாகரத்து ஆகி, சுங்கை ஆயர் தாவாரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பட்டியலில் அவள் பெயர் இல்லை. நம் வரிசையில் ஒன்றை ஏற்றிக்கொள்ளச் சொன்னேன்.

"அது ஒன் வீட்டு விளக்குடா. எனக்குன்னு ஒன்னு வேணும்லா."

முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. வரிசைகளை மாற்றிப் போட்டு அதற்கும் இடம் பிடிக்கலாம் என்று, பட்டியலின் பின்பக்கத்தில் பத்தாயிரத்து ஒன்பதை வகுக்க ஆரம்பித்தேன். மூன்றால் போகவில்லை. ஏழாலும் போகவில்லை. நூறுக்குள் பகா எண்கள் இருபத்தைந்து. அவற்றில் எதற்கும் மசியவில்லை என்றால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. அடுத்த பகா எண் நூற்றொன்று, அதை அதனாலேயே பெருக்கினால் பத்தாயிரத்து இருநூற்றொன்று ஆகி, இந்த எண்ணைத் தாண்டிவிடும். தொண்ணூற்றேழு வரை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மீதி நின்றது. பத்தாயிரத்து ஒன்பதே ஒரு பகா எண். கயிற்றை எப்படிக் கட்டினாலும் சம வரிசைகளில் அடங்காது.

இதையெல்லாம் அக்காவிடம் காகிதத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினேன். எத்தனை வரிசை போட்டாலும் ஏதாவது விளக்கு தனியாக நிற்கும் என்றேன்.

"நிக்கட்டுமே," என்றாள். "நான் ஒரு மாசமா நிக்கலையா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் கேட்டது ஒரு விளக்குக்கு இடம். நான் கொடுத்தது இருபத்தைந்து வகுத்தல். காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, எங்கள் வரிசை முடிகிற இடத்தில், கயிற்றுக்கு வெளியே மண்ணைத் தட்டிச் சமப்படுத்தினேன். அக்கா விளக்கை வைத்து, தானே எண்ணெய் ஊற்றித் திரி போட்டாள்.

பொழுது சாய்ந்ததும் எல்லா விளக்குகளும் எரிந்தன. தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, பத்தாயிரத்து எட்டு விளக்குகள் என்று பெருமையாக அறிவித்தார். தொழிற்சாலையில் ஒரு பெட்டி கூடினாலும் குறைந்தாலும் சண்டைக்குப் போகிறவன் நான். அன்று வாயைத் திறக்கவில்லை.