வேரோடு வந்த கொடி

சுனாமிக்கு அடுத்த வருடம் மஞ்சக்குப்பம் மைதானத்துக் கண்காட்சியில், காட்டுக்கொடியில் கூடை முடைந்து விற்ற ஒரு பெண்மணியிடம் பெரிய கூடை ஒன்று கேட்டேன்.

“கொடி இன்னும் முத்தல சார். தை மாசம் வாங்க.”

முற்றியதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று அறிய ஆசை வந்தது. தை மாதம் அவரோடு சிதம்பரம் பக்கமிருந்த ஒரு புதர்க்காட்டுக்குப் போனேன். அவர் ஒவ்வொரு கொடியையும் நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சையாக இருந்தால் விட்டுவிட்டார். பழுப்பாக இருந்ததை மட்டும் முழங்கால் உயரத்தில் அறுத்தார். நானும் உதவலாமென்று ஒன்றை இழுத்தேன். வேரோடு வந்துவிட்டது.

“ஐயையோ, என்னா சார் இது! அடி இருந்தாத்தான திரும்பத் துளுக்கும்?”

எனக்குக் கூச்சமாகப் போயிற்று. அவர் மேல்பகுதியை நறுக்கிவிட்டு, குழி பறித்து வேரை நட்டார். நான் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன்.

“பொழைக்குமாம்மா?”

“ஒரு மழ போவட்டும், பாக்கலாம்.”

கூடை பத்து நாளில் கிடைத்தது. ஆனாலும் அந்தக் கொடி மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஐப்பசி மழை விட்டதும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். நட்ட வேரில் ஒரே ஒரு தளிர் வந்திருந்தது. பக்கத்தில் அவர் அறுத்துவிட்டுப்போன அடிகள் ஒவ்வொன்றிலுமோ ஏழெட்டுத் தளிர்கள். நம்ப முடியாமல் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.