டோக்கன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை

இராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகத்துக்குக் கை கால் போனவர்கள் யாரும் வரமாட்டார்கள். அவர்கள் போவது எதிர்த்தரப்பு வக்கீலிடம். வேலையில் அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நின்று ‘கொடுக்க முடியாது’ என்று சொல்பவர் எங்கள் சீனியர். அதற்கு ஓட்டை தேடிக் கொடுப்பவள் நான். இதைச் சொன்னால் என் அம்மாவே முகத்தைச் சுளிப்பாள். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், ஓட்டை கிடைக்கும் நொடியில் வரும் சந்தோஷம் இருக்கிறதே, அப்பப்பா!

போன வருஷம் அப்படி ஒன்று கிடைத்தது. விசைப்படகில் வேலை பார்த்தவர் ஒருவர். கடலில் வலை இழுக்கும்போது வின்ச் இயந்திரத்தில் மாட்டி வலது கையில் நாலு விரல் போய்விட்டது. மனுவில் விபத்து நாள் ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. நான் பரமக்குடிக்காரி, தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி உச்சிப்புளிக்கு வந்த பிறகுதான் கடலையே பக்கத்தில் பார்த்தேன். ஆனாலும் ஒன்று தெரியும். எங்கள் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல்: திங்கள், புதன், சனி. அன்றன்று மீன்வளத்துறையில் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டோக்கனே கிடையாது!

நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன். மீன்வளத்துறைக்கு எழுதிக் கேட்டு, ‘அன்று டோக்கன் வழங்கப்படவில்லை’ என்று முத்திரையோடு ஒரு கடிதமும் வாங்கிவிட்டேன். பதில் மனுவில் ஆறாவது பத்தி முழுக்க என் கைவண்ணம்: ‘அன்றைய தினம் எந்த விசைப்படகும் கடலுக்குச் செல்லவில்லை. மனுதாரர் வேறெங்கோ காயம்பட்டுவிட்டு உண்மையை மறைக்கிறார்.’ சீனியர் சுத்த சைவம். மீன் எந்தக் கிழமையில் கரைக்கு வந்தால் அவருக்கென்ன?

“ஏம்மா, ஒரே அடியில கேஸையே முடிச்சிட்டியேம்மா!” என்றார். மூன்று மாதம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான், என் கணவர் பை நிறைய நகரை மீன் வாங்கி வந்தார்.

“சீக்கிரம் அலசு புள்ள, செவுளு எப்படிச் செவந்து கெடக்கு பாரு.”

“இன்னைக்குப் பிடிச்சதாங்க?”

“பின்ன? நேத்துக் கடலுக்குப் போன போட்டு. ராவெல்லாம் வலைய இழுத்துட்டு காலைலதான் கரைக்கு வந்துச்சு.”

அரிவாள்மனையில் வைத்த கை அப்படியே நின்றது. சனிக்கிழமை டோக்கன் வாங்கிப் போகிற படகு ஞாயிறு காலையில்தானே திரும்பும்! ஐந்து வருஷமாக ஞாயிறுதோறும் அந்த மீனைத்தானே குழம்பு வைக்கிறேன்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததும் நானே, அந்தச் சோற்றைத் தின்றதும் நானே. தலையில் அடித்துக்கொண்டேன். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவருடைய வக்கீலோ அவரோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசக்கூட நேரமில்லாதவர். என் பத்தி நாளைக்கு எடுபட்டுவிட்டால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது.

சீனியருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“அந்தக் கடிதத்துல பொய் இல்லையேம்மா,” என்றார்.

“கடிதத்துல இல்ல சார். நான் எழுதினதுல இருக்கு.”

“காலையில பாப்போம்,” என்று வைத்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை, வழக்கை விசாரிக்கும் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில், டைப் அடித்த மெமோ ஒன்றைக் கோப்புக்கு மேலேயே வைத்திருந்தேன். ஆறாவது பத்தியைத் திரும்பப் பெறுகிறோம், விபத்து கடலில் நடந்ததை மறுக்கவில்லை என்று இரண்டே வரி. கையெழுத்துப் போட வேண்டியவர் சீனியர். படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“காலையிலேயே கம்பெனில பேசிட்டேன். காய்ச்சி எடுத்துட்டான். அந்தப் பக்கம் ஒருத்தன் சனிக்கிழமை டோக்கன் லிஸ்ட்டை நீட்டினா நம்ம மானம் போயிரும்னு சொல்லித்தான் சம்மதிக்க வச்சேன். ஊனம் எத்தனை சதவீதம்னு அதுல சண்டை போட்டுக்குவோம்,” என்று முனகிக்கொண்டே பேனாவைத் திறந்தார். அவர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு!

மெமோவின் நகல் எதிர்த்தரப்புக்குத் தர வேண்டும். அந்த வக்கீல் இன்னொரு வழக்கில் நின்றுகொண்டிருந்தார். அதனால் வராந்தாவில் நின்ற மனுதாரரிடமே நீட்டினேன். வலது கையைத் துண்டால் மூடியிருந்தார்.

“எனக்கு வாசிக்க வராது மேடம். என்ன போட்டிருக்கு?”

வாசித்துக் காட்டினேன்.

“அப்ப நான் கடல்லதான் இருந்தேன்னு ஒத்துக்கிட்டாகளா?”

“ஒத்துக்கிட்டோம்ணே.”

நஷ்டஈட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“மொதல்ல வந்த பேப்பரை எம் மகதான் வாசிச்சா மேடம். வாசிச்சிட்டு, ‘நெசத்தச் சொல்லுங்கய்யா, குடிச்சிட்டு எங்க போயி விழுந்தீக?’ன்னு கேட்டா. மூணு மாசமா முகங்குடுத்துப் பேசல.”

அந்தப் பேப்பரை எழுதியவள் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் இடது கையால் செல்போனை எடுத்து, மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

“நீங்களே வாசிங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டா.”