அக்காவை முன்மொழிந்தவன்

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். கௌரவம் பெயரோடு சரி. ஒவ்வொரு ஜூன் மாதமும் புது ஆணை வருமா வராதா என்று அலுவலக வாசலில் காத்துக் கிடக்க வேண்டும்.

பாடத்திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்தான். திட்டுவதற்கு அவ்வளவு வசதியான காலம் வேறு கிடையாது. கட்சி என்பதே நாட்டுக்கு ஆகாது என்று உபதேசம் செய்த பெரிய மனிதர்கள், சொன்ன வாயின் ஈரம் காய்வதற்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டார்கள். ஆளுக்கொரு பத்திரிகை வைத்துக்கொண்டு எதிராளி வீட்டுப் பெண்கள் வரைக்கும் இழுத்து ஏசினார்கள். ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதை, காங்கிரஸ் என்ற அந்நாட்டு நாடாளுமன்றத்தில் இருந்த கட்சி உறுப்பினர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். அதற்குக் 'காகஸ்' என்று பெயர். இது அக்கிரமம் என்று கத்தியவர்கள் அதை ஒழித்துவிட்டு மாநாடு கொண்டுவந்தார்கள். அறை பெரிதானது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு படைத்தளபதி ஜெயித்து வந்தார். சாமானியனின் ஆட்சி என்றார்கள். பதவியேற்பு நாளில் சேற்றுச் செருப்போடு மாளிகைக்குள் புகுந்து நாற்காலி மேல் ஏறி நின்றது கூட்டம். வந்தவர்களில் பாதிப் பேர் வேலை கேட்டு வந்தவர்கள் என்பது என் கணிப்பு. தபால் அலுவலகம் வரைக்கும் கட்சிக்காரனுக்கே வேலை. சொத்தில்லாத வெள்ளைக்கார ஆணுக்கும் ஓட்டு கொடுத்தார்கள். அதே கையோடு சில மாநிலங்களில் கறுப்பருக்கு இருந்த ஓட்டைப் பிடுங்கினார்கள், பழங்குடிகளை அவர்கள் மண்ணை விட்டே விரட்டினார்கள். ஜனநாயகத்தின் விரிவாக்கம் என்ற தலைப்பில் இது பத்து மதிப்பெண் கேள்வியாக வரும்.

இன்றைக்கு மட்டும் அங்கே என்ன வாழ்கிறதாம்? பஸ்ஸில் போகும்போது செல்போனில் பார்க்கிறேனே. அன்றைக்கும் இரண்டு கட்சி, இன்றைக்கும் இரண்டு கட்சி. ஜெயித்தவன் தொகுதிக் கோட்டைத் தனக்குத் தோதாக வளைத்து வரைகிறான். அந்த வித்தையும் அந்தக் காலத்துச் சொத்துதான். தோற்றவனோ தோற்றேன் என்று ஒப்புக்கொள்வதே இல்லை. இதையெல்லாம் வகுப்பில் சொல்லும்போது என் உதடு தானாகக் கோணிக்கொள்ளும். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் பெரிய சூரன் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்புவேன்.

ஊர், புதுப்பட்டினம் தாண்டிக் கடப்பாக்கம் போகிற வழியில். எங்கள் தெரு ஊரின் கடைசியில் இருக்கிறது. அப்பா காலம் வரை அடுத்தவன் கழனியில் கூலிக்குப் போன தெரு. இப்போது ஒருவர் ஆஸ்பத்திரியில், ஒருவர் ரயில்வேயில், பலர் கம்பெனிகளில். வேலை மாறியதே தவிர, குடிதண்ணீர்க் குழாய் மட்டும் தெருமுனைத் திருப்பம் வரை வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து குடம் தூக்க வேண்டும். எந்தத் தெருவுக்குள் நுழையக்கூடாது என்பது குழாய்க்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

என் அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, கல்பாக்கம் டவுன்ஷிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறாள். ஊராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதாக அறிவிப்பு வந்த அன்று, மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"நான் நிக்கப் போறேன்டா. அந்தப் பைப்ப நம்ம தெருவுக்குள்ள கொண்ணாரணும். அதுக்குத்தான், வேற இன்னாத்துக்கு?"

முன்மொழிய அதே வார்டு வாக்காளர் ஒருவர் வேண்டும். மனுவை நானே நிரப்பி, முன்மொழிபவர் என்ற இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. நூறு வகுப்பில் வாயால் செய்ததை ஒரே கையெழுத்தில் செய்துவிட்டதாக நினைத்தேன்.

வார்டு தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. கட்சி மட்டும் உண்டு. எங்கள் ஊரில் ஒரு வழக்கம்: மனுத் தாக்கல் முடிவதற்குள் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு கட்சிக் கிளைச் செயலாளர்களும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து, எந்த வார்டு யாருக்கு என்று பேசி முடித்துவிடுவார்கள். அப்புறம் எல்லா வார்டிலும் போட்டியின்றித் தேர்வு. ஊர் ஒற்றுமையாம்! இந்த முறை எங்கள் வார்டு ஒரு செயலாளரின் மனைவிக்கு, பக்கத்து வார்டு இன்னொரு செயலாளரின் மச்சினிக்கு. எங்கள் வார்டுக்குக் குறித்த அம்மாவுக்கு எங்கள் தெரு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

"இதுதாங்க்கா காகஸ். எரநூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னா கருமமோ. பைப்பு வருமா வராதா, அத்தச் சொல்லு" என்றாள் அக்கா.

மனுப் பரிசீலனைக்கு முந்தின நாள் மத்தியானம், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு செயலாளர்களும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். போன மாதம்தான் மேடையில் ஒருவரை ஒருவர் மணல் திருடன் என்று திட்டிக்கொண்டவர்கள். இப்போது ஒருவர் தோளில் இன்னொருவர் கை.

"சாரு கவர்மெண்டு சம்பளம் வாங்கிகினு எலெக்ஷன்ல முன்மொழியறாரேன்னு எவனாச்சும் பெட்டிஷன் போட்டான்னு வையுங்க, இன்னா ஆவும்?" என்றார் மனைவியை நிறுத்தியிருந்தவர்.

"எவன் போடுவான்?" என்றேன்.

"மொட்டப் பெட்டிஷனுக்குப் பேரா கீது?" என்று மற்றவர் சிரித்தார். "நாளைக்கு ஆபீசர் கேக்கும்போது, அது எங்கையெழுத்து இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஜூன்ல ஆர்டர நாங்க பாத்துக்கறோம். அக்காவுக்கு இன்னாத்துக்கு சார் இந்தப் பேஜாரெல்லாம்?"

என் டீக்கும் சேர்த்து அவர்கள் பணம் கொடுத்தார்கள். கொடுக்க விட்டேன். வீட்டுக்கு வந்து அக்காவிடம் மூச்சு விடவில்லை. அவள் மறுநாளுக்கு என்று ஒரு புதுச் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றிய அலுவலகத்தில் ஒரு நீள மேஜை. அந்தப் பக்கம் தேர்தல் அதிகாரி, இந்தப் பக்கம் நாங்கள். சுவரோரம் கைகட்டி நின்ற இரண்டு செயலாளர்களும் என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

அதிகாரி மனுவைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "முன்மொழிஞ்சது நீங்கதானே? இந்தக் கையெழுத்து உங்களுதில்லன்னு ஆட்சேபம் வந்திருக்கு."

என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கடைசி எழுத்தின் வாலை மேலே இழுப்பது என் பழக்கம். அது அங்கே நன்றாகவே இழுபட்டிருந்தது. ஆம் என்று சொன்னால் போதும். பெட்டிஷன் வந்தாலும் வரும், வராமலும் போகும். அவ்வளவு யோசிக்கத் தெரிந்த எனக்கு, வாயைத் திறந்தபோது ஜூன் மாதம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"என்னுது இல்லீங்க" என்றேன்.

அதிகாரி அக்காவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அப்போ இது யார் போட்டது? பொய்க் கையெழுத்துன்னா கேஸ் ஆயிடும், தெரியுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. என் தம்பிதான் போட்டான், என் கண் முன்னால் போட்டான் என்று அவள் சொல்லியிருந்தால், அடுத்த கேள்வி எனக்கு வந்திருக்கும். நான் பொய்யன் என்று எழுதப்பட்டிருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அது அவன் கையெழுத்து இல்ல சார். நாந்தான் தெரியாம போட்டுட்டேன். தள்ளிடுங்க" என்றாள்.

மனுவைத் தள்ளுபடி செய்ததோடு விட்டார்கள், கேஸ் போடவில்லை. செயலாளரின் மனைவி போட்டியின்றித் தேர்வானார். ஜூன் மாதம் எனக்கு ஆணை வந்தது. குழாய் இன்னும் திருப்பத்திலேயே நிற்கிறது. கறுப்பரின் ஓட்டைப் பிடுங்கியவர்களைப் பற்றி இந்த வருஷமும் நடத்தினேன். உதடு கோணவில்லை.

அக்கா என்னோடு பேசாமல் இல்லை. சோறு போடுகிறாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று விரட்டுகிறாள். போன வாரம் இன்னொரு தையல் மெஷின் வாங்கும் கடனுக்குச் சாட்சிக் கையெழுத்து தேவைப்பட்டிருக்கிறது. நான் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் பேனாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.