அம்மா வரட்டும்

ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டில் அந்த வருடங்களில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: அம்மா வரட்டும். மகளுக்குக் காது குத்துவதா, அம்மா வரட்டும். கூடத்தில் இருக்கப் புதுச் செற்றி வாங்குவதா, அம்மா வரட்டும். அவரைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் பண்ணியிருந்தோம். அம்மா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். நாங்கள் இங்கே பாதி வாழ்க்கையை அலுமாரியில் மடித்து வைத்திருந்தோம்.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து வருடக்கணக்காகியிருந்தது. கண் டொக்டர் துளி மருந்து விட்டு உள்ளே பார்த்தார். கண்ணின் பின்பக்கம் புது இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, லேசர் போடவேண்டும் என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சுவரில் கடைசி வரி எழுத்துவரை வாசித்தவள் நான். நன்றாகத் தெரியும்போதே செய்யவேண்டும், போன பார்வை திரும்பாது, இருப்பதைத்தான் காக்கலாம் என்றார். ஓரப் பார்வையும், இருட்டில் தெரிவதும் கொஞ்சம் குறையலாம் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

அந்தக் கொஞ்சத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அம்மாவை முழுக் கண்ணால் பார்க்கவேண்டும். அதன்பிறகு லேசரால் எதைச் சுட்டாலும் சுடட்டும். அம்மா எப்போது வருவார் என்று டொக்டர் கேட்டார். அது யாருக்குத் தெரியும்?

வெளியே, கண்ணில் விட்ட மருந்தின் கூச்சத்தில் அஜின்கோர்ட் தெரு வெளிச்சத்தில் கரைந்து கிடந்தது. பனிக்கு விளிம்பே இல்லை. பஸ் மிதந்து வந்து நின்றது. கண்ணுக்குள் கறுப்பாய் ஒரு நூல் நீந்தியது. பார்க்கப் போனால் விலகியது. எல்லாம் அழகாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமோ?" என்றார் என் கணவர், கையைப் பிடித்து ஏற்றியபடி.

அன்றே அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்து, டொக்டர் சொன்னதைச் சொன்னேன். "நீங்கள் வந்தாப் பிறகு செய்வம் எண்டு இருக்கிறன்."

செருப்பு வாங்கவும் நாள் பார்க்கிற மனுஷி, அன்று எதுவும் பார்க்கவில்லை. "விசர்க்கதை கதையாதை. உடன போய்ச் செய்."

"உங்கட முகத்தைப் பாக்கவேணும் அம்மா."

"என்ர முகம் எங்கயும் ஓடாது."

பிறகு, நான் அனுப்பிய படத்தில் என்ன நிறச் சேலை என்று கேட்டார். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதென்ன கேள்வி என்று எரிச்சல் வந்தது. "பச்சை" என்றேன்.

லேசர் போட்டுக்கொண்டேன். பச்சை மின்னல்கள் வெட்டி ஓய்ந்ததும் உலகம் கொஞ்ச நேரம் ரோஜா நிறமாக இருந்தது. பனியும் ரோஜா, என் கணவரின் வழுக்கையும் ரோஜா.

கோடையில் அம்மா வந்தார். சட்டென்று கண்டுபிடிக்கட்டும் என்று அதே பச்சைச் சேலை கட்டி எயார்போட்டுக்குப் போனேன். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நெற்றிச் சுருக்கம், திருநீறு, தோட்டின் கல், எல்லாம் எனக்குத் தெரிந்தது. கை காட்டினேன். அம்மா என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தார்.

கிட்டப் போய் "அம்மா" என்றேன். அவர் கை எழுந்து காற்றில் தேடி, என் கன்னத்தைத் தொட்டது.

"எப்ப இருந்து அம்மா?" அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்க டொக்டர் அப்பவே சொன்னவர், பிள்ளை. நான்தான், உன்னைப் பாத்திட்டுச் செய்வம் எண்டு இருந்திட்டன்."