போட்டு வாறன்

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது யாரும் "போறன்" என்று சொல்வதில்லை. சந்திக் கடைக்குப் போனாலும் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம். வாய் தவறிச் சொன்னால் அம்மா திரும்பக் கூப்பிட்டுச் சரியாகச் சொல்ல வைப்பார். செத்தவீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுவோம்.

அன்று காலை எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளை ஒருத்தியிடமிருந்து என் போனுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. "அக்கா, இனி நான் வகுப்புக்கு வரமாட்டன். நீங்கள் எல்லாரும் என்னோடை நல்லாயிருந்தனீங்கள். சரி அக்கா, போறன்."

நான் திரும்ப எடுத்தேன். அவளுடைய போன் நிறுத்தப்பட்டிருந்தது.

வகுப்பு என்று அவள் சொன்னது யாழ்ப்பாணத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் ஓர் அறையை. வாசலில் தையல் வகுப்பு என்று பலகை தொங்கும். உள்ளே இரண்டு மெஷினும் உண்டு. வருகிறவர்களோ ஆணை விரும்பும் பெடியன்கள், பெண்ணை விரும்பும் பெட்டைகள், ஆணாகப் பிறந்தும் பெண்ணாக வாழ்கிறவர்கள். வீட்டில் மூச்சுவிட முடியாமல் வந்து, கதைத்து, அழுதுவிட்டுப் போவார்கள். அவர்களைச் சாகவிடாமல் பார்ப்பதுதான் எங்கள் தையல். நானும் அவர்களில் ஒருத்திதான். எனக்குச் சட்டையில் அறுந்த தெறியைத் தைக்கக்கூட வராது.

இவள் புங்குடுதீவுப் பிள்ளை, மடத்துவெளிப் பக்கம். கூடப் படித்த ஒருத்தியை விரும்பினாள். அந்தப் பெண்ணை வீட்டார் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். இவளுக்குக் கனடா மாப்பிள்ளை பொருந்தி, எழுத்துக்கு, அதாவது பதிவுத் திருமணத்துக்கு, நாளும் வைத்தாயிற்று.

அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணையிடம் குரல்பதிவைப் போட்டுக் காட்டினேன்.

"மனம் வெறுத்துச் சொல்லியிருக்கும். நீர் அங்கை போய் நிண்டால் வீட்டாருக்கு விளங்கிவிடும். பிறகு அந்தப் பிள்ளையின்ரை கதி என்ன?" என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். தீவில் ஒரு புது ஸ்கூட்டர் ஒழுங்கைக்குள் திரும்பினாலே வேலிக்கு வேலி தலை நீளும்.

"அண்ணை, அவள் 'போறன்' எண்டு சொல்லியிருக்கிறாள்."

இன்னொரு முறை கேட்டார். பிறகு தன் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். "சுறுக்காப் போட்டு வாரும்."

வேலணை தாண்டிப் பாலத்து ரோட்டில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். எதிர்க்காற்று ஸ்கூட்டரைப் பின்னுக்குத் தள்ளியது. நான் அம்மனை வேண்டினேன், அதே வாயால் திட்டினேன். சாதகம் பார்த்தவனையும் முகம் தெரியாத அந்த மாப்பிள்ளையையும் சேர்த்துத் திட்டினேன். பிந்திவிட்டேனோ என்ற பயத்தில் ஸ்கூட்டரை இன்னும் முறுக்கினேன்.

அவள் வீட்டுப் படலைக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி முதலில் காது கொடுத்துக் கேட்டேன். உள்ளே அழுகைச் சத்தம் இல்லை. தாயார் வெளியே வந்தார்.

"தையல் வகுப்பிலையிருந்து வந்தனான் அம்மா."

"வாங்கோ பிள்ளை. தலையிடி எண்டு விடியத்தொடக்கம் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள்," என்றபடி தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார்.

கதவைத் தட்டினேன். திரும்பவும் தட்டினேன். "நான்தான், அக்கா," என்று மெல்லச் சொன்னேன். கதவை உடைப்பதா, தாயைக் கூப்பிடுவதா என்று தவித்துக்கொண்டிருக்கும்போது தாழ்ப்பாள் விலகியது.

அழுதழுது முகம் வீங்கியிருந்தது. கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

"சாக யோசிச்சனீரோ?"

"ஓம்."

"இண்டைக்கோ?"

தலையசைத்தாள். "எனக்கு இனி ஏலாது அக்கா."

எழுத்தை நிறுத்த எனக்கு வழி தெரியாது. கொழும்புக்குப் போனவளைத் திருப்பிக் கொண்டுவரவும் தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டேன். "இண்டைக்கு உம்மைத் தனிய விடமாட்டன். என்னோடை வாரும். எங்கடை ஆக்களோடை நில்லும். பின்னேரம் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன். அவ உம்மை ஏசமாட்டா."

தேத்தண்ணியோடு வந்த தாயாரிடம் வாய் கூசாமல் பொய் சொன்னேன். "வகுப்பிலை தையல் சோதினை வருது அம்மா. ரண்டு நாள் எங்களோடை நிண்டு பழகட்டும்."

"எழுத்து வருது, அதுக்கு முதல் கொண்டுவந்து விட்டிடுங்கோ. தைக்கத் தெரிஞ்சால் கனடாவிலையும் மதிப்புத்தானே," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு நெஞ்சு வெந்தது.

பையை எடுத்துக்கொண்டு அவள் ஒன்றும் சொல்லாமல் படலையைத் தாண்டினாள்.

"என்ன, செத்தவீட்டுக்கு வந்தவள் மாதிரிப் பேசாமல் போறாய்? சொல்லீட்டுப் போ பிள்ளை," என்று பின்னால் தாயாரின் குரல் கேட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். அதை அவளுக்காக நான் சொல்ல முடியாது. தாயார் படலையைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார்.

"போட்டு வாறன் அம்மா."

பாலத்து ரோட்டுக்கு வந்ததும் என் முதுகில் முகத்தை வைத்து அழத் தொடங்கினாள். "வாறன் எண்டு அம்மாவுக்குப் பொய் சொல்லிப்போட்டன் அக்கா."

அதை மெய்யாக்க எங்களிடம் இரண்டு நாள்தான் இருந்தது.